அத்தியாயம் 7: சின்ன வண்டிக்குப் பெரிய எஞ்சின்

பழைய கிட் காரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருபவர் முதலில் செய்வது பானெட்டைத் திறப்பதுதான். உள்ளே 1300 சிசி எஞ்சின் இருப்பதைப் பார்த்ததும், இதைக் கழற்றிவிட்டு 2000 சிசி வைத்தால் என்ன என்ற ஆசை வந்துவிடும். ஆசையில் தவறில்லை. ஆனாலும் இந்த அத்தியாயத்தில் கொஞ்ச தூரம் போன பிறகுதான் எஞ்சின் வரும். உங்கள் கராஜிலும் அது அப்படி நடப்பதே நல்லது. கிட் காரில் வேலை தரையிலிருந்து மேலே போக வேண்டும்: சேஸி, ஆக்சில், பிரேக், மின்சாரம், எல்லாம் முடிந்தபின் எஞ்சின்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் டட்டன் ஃபேட்டன். கதவு இல்லாத, திறந்த, ஃபைபர் உடல் கொண்ட சின்ன வண்டி. டட்டன் கம்பெனி சசெக்ஸ் பகுதியில் 1970 வாக்கில் தொடங்கியது. 1980களில் பிரிட்டனில் அதிகம் விற்ற கிட் கார்களில் இதன் வண்டிகளும் உண்டு. ஃபோர்டு தன் புதுக் காருக்கு 1982இல் ‘சியரா’ என்று பெயர் வைத்தபோது, அதே பெயரில் டட்டனின் கிட் ஒன்று ஏற்கெனவே விற்பனையில் இருந்தது.

பிரிட்டனில் கிட் கார் பெருகியதற்கு வரி ஒரு காரணம். 1973 ஏப்ரலில் மதிப்புக்கூட்டு வரி வரும்வரை, முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கட்ட வேண்டாம். வரிச் சலுகை போன பிறகும் பழக்கம் போகவில்லை. ஃபோர்டு எஸ்கார்ட் கார்களின் தகரம் துருவில் அரித்துப்போகும், எஞ்சினும் கியர்பாக்ஸும் ஆக்சிலும் நன்றாகவே இருக்கும். அவற்றைக் கழற்றி டட்டனின் இரும்புச் சட்டத்தில் பூட்டினால் புது வண்டி. ஃபேட்டன் பிறந்தது இப்படித்தான்.

இதில் நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. உங்கள் வண்டியைக் கடைசியாகப் பூட்டியது தொழிற்சாலை அல்ல, ஏதோ ஒரு வீட்டின் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்த ஒருவர். அவர் கெட்டிக்காரராகவும் இருந்திருக்கலாம், அவசரக்காரராகவும் இருந்திருக்கலாம். இரண்டு ஃபேட்டன்கள் ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். அதனால் எஸ்கார்ட் கையேட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வண்டியை நீங்களே அளந்து பார்க்காமல் எதையும் ஆர்டர் செய்யாதீர்கள்.

சட்டமும் உடலும்

ஃபைபர் உடலை சேஸியிலிருந்து கழற்றுங்கள். இரண்டு நண்பர்கள் இருந்தால் தூக்கிவிடலாம். ‘கழற்றாமலே பார்த்துக்கொள்ளலாம்’ என்று தோன்றும். உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஈரம் தங்கும் இடத்தில்தான் துரு உட்கார்ந்திருக்கும், அதை மேலிருந்து பார்க்க முடியாது.

சதுரக் குழாயில் செய்த சட்டம் உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே காகிதம் போல மெலிந்திருக்கும். சிறிய சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். அங்கே கூரான ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்கள். உள்ளே போனால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைக்க வேண்டும். மேலே தகடு ஒட்டி மறைப்பது வேலை அல்ல. பிரிட்டனின் ஆண்டுச் சோதனையான எம்ஓடி-யில் சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் மாட்டியிருக்கும் இடங்களிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் துரு இருக்கிறதா என்று தனியாகவே பார்க்கிறார்கள். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

வெல்டிங் செய்யும் முன் பெட்ரோல் டாங்கை வண்டியிலிருந்து மட்டுமல்ல, கராஜிலிருந்தே வெளியே எடுத்துவிடுங்கள். பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றுங்கள். ஃபைபர் உடல் பக்கத்தில் இருக்கக் கூடாது. அந்த ரெசின் நன்றாக எரியும். வெட்டுவதற்கு முன்பும் பற்றவைத்த பின்பும் சேஸியின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதிவையுங்கள். இரண்டு எண்களும் ஒத்துவராவிட்டால் வண்டி வாழ்நாள் முழுக்க ஒரு பக்கமாக இழுக்கும்.

ஃபைபர் வேலை பயமுறுத்தும், ஆனால் எளிது. மேற்பூச்சில் நட்சத்திரம் போலக் கிளைவிட்டிருக்கும் விரிசல்மேல் நேரடியாகப் பட்டி பூசினால் அடுத்த கோடையில் அதே விரிசல் மேலே வந்து நிற்கும். விரிசலை ‘வி’ வடிவில் அடிவரை தேய்த்து எடுங்கள். உடலின் உட்பக்கம் கண்ணாடி இழைப் பாயை ரெசினில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். பிறகு வெளிப்பக்கத்தை நிரப்புங்கள். சதுர மீட்டருக்கு 300 அல்லது 450 கிராம் எடையுள்ள பாய் போதும். ரெசினில் கலக்கும் ஹார்டனர் எடையில் 1 முதல் 2 சதவீதம். குளிரில் சீக்கிரம் இறுக வேண்டும் என்று அதிகம் ஊற்றினால் ரெசின் சூடேறி உடையும். அதைவிட கராஜை 18 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்வது மேல். ஆவிக்கேற்ற முகமூடி கட்டாயம். தூசிக்குப் போடும் காகித முகமூடி ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது.

மின்சாரத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன், ஏனெனில் கிட் காரின் விளக்குத் தொல்லைகளில் பாதி இதில் அடங்கும். தகரக் காரில் உடலே எர்த். ஃபைபரில் மின்சாரம் போகாது. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் ஹாரனுக்கும் சேஸிக்குப் போகும் தனி எர்த் ஒயர் வேண்டும். இண்டிகேட்டர் போடும்போது பிரேக் விளக்கு மினுக்கினால் வேறெங்கும் தேடாதீர்கள், எர்த்தைப் பாருங்கள். எஞ்சினிலிருந்து சேஸிக்குத் தடித்த எர்த் பட்டையும் வேண்டும். அதை மறந்துவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சிவக்கச் சூடாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நிறுத்த முடிந்த பிறகு ஓட்டம்

1300 எஞ்சின் தந்தது சுமார் 57 குதிரைத்திறன். அடுத்து வரப்போவது 100ஐ ஒட்டித் தரும். கிட்டத்தட்ட இரட்டிப்பு. வண்டி எஸ்கார்ட்டை விட இலேசானது, ஆகவே எஸ்கார்ட்டின் முன்டிஸ்க், பின்டிரம் பிரேக்குகளே போதும் என்பது என் கருத்து, அவை புதிதாக இருந்தால். ‘போதும்’ என்று சொல்பவர்கள் இந்த இரண்டாம் பாதியைத்தான் சொல்லாமல் விடுகிறார்கள். காலிப்பர் பிஸ்டன், சீல், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதியவை. குழாய்கள் செம்பு-நிக்கல் கலவையில் 3/16 அங்குலம். திரவம் டாட்-4, இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது. பெரிய முன்பிரேக் போட்டே தீருவேன் என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: இலேசான வண்டியில் முன்சக்கரம் ஈரச் சாலையில் சட்டென்று பூட்டிக்கொள்ளும். பெரிய டிஸ்க் தூரத்தைக் குறைக்காமல் ஸ்டீயரிங்கைத்தான் கெடுக்கும்.

எந்த எஞ்சின்

ஃபோர்டு பிண்டோ 2.0 என்பதே இந்த அத்தியாயத்தின் தேர்வு. 1993 சிசி, மேலே கேம்ஷாஃப்ட், பெல்ட் ஓட்டம், வார்ப்பிரும்பு. கார்ட்டினா, காப்ரி, சியரா, டிரான்சிட் எல்லாவற்றிலும் வந்தது. எஸ்கார்ட்டிலேயே ஃபோர்டு இதை வைத்துக் காட்டியிருக்கிறது: 1973இல் வந்த ஆர்எஸ்2000 அதுதான். ரோவரின் வி8 வைத்த ஃபேட்டன்களையும் பார்க்கலாம். சத்தம் அருமைதான், ஆனால் இந்தச் சட்டத்துக்கு அது தேவையில்லாத சுமை. ஆக்சிலில் தொடங்கி எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். அந்தக் காசுக்கு வி8க்கென்றே செய்த வேறு கிட் வாங்கிவிடலாம். 1600 கிராஸ்ஃப்ளோ எஞ்சின் இன்னொரு வழி. 1300 இருந்த மவுண்டிங்கிலேயே உட்காரும், ஒரு வார இறுதியில் முடியும். ஃபேட்டனுக்கு மிகப் பொருத்தமானது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனால் நல்ல 1600 இப்போது பிண்டோவை விட விலை அதிகம். நீங்கள் பெரிய எஞ்சினுக்காக இந்தப் பக்கத்தைத் திறந்தவர் என்பதும் தெரியும்.

பிண்டோவின் பலவீனம் ஒன்றே ஒன்று, அது எல்லோருக்கும் தெரிந்தது: கேம்ஷாஃப்ட். கேமின்மேல் எண்ணெய் தெளிக்கும் மெல்லிய குழாயின் துளைகள் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் கிடைக்காத லோப் தேய்ந்து தட்டையாகும். வாங்கும்போதே ராக்கர் கவரைத் திறந்து லோப்களில் விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டாலோ பள்ளம் இருந்தாலோ கேம், ஃபாலோயர், தெளிப்புக் குழாய் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தெளிப்புக் குழாயை எப்படியும் மாற்றுங்கள், அது மலிவு. பிளாக்கில் ‘205’ என்று வார்த்திருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். சிலிண்டர் சுவர் தடிப்பானது, பிற்பாடு போர் எடுக்க விரும்பினால் உதவும்.

பழைய ஹெட்களில் வால்வ் சீட் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. பிரிட்டனில் அந்தப் பெட்ரோல் 1999 முடிவோடு பொது விற்பனையிலிருந்து போய்விட்டது. எஞ்சின் பிரித்திருக்கும்போதே லேத் பட்டறையில் கெட்டியான எக்சாஸ்ட் சீட் போட்டுக்கொண்டால், ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டப்பாவிலிருந்து மருந்து ஊற்ற வேண்டியதில்லை.

கியர் கணக்கு

எஞ்சின் மாற்றியவர்களில் பலர் ஏமாற்றமடைவது இங்கேதான். எஞ்சின் நன்றாக இருக்கிறது, வண்டி மட்டும் ஏனோ கத்திக்கொண்டே ஓடுகிறது. காரணம் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியல். 1300 எஸ்கார்ட்டின் ஆக்சில் பெரும்பாலும் 4.125 விகிதம், சின்ன எஞ்சினுக்கு அது சரி.

185/60 அளவில் 13 அங்குல டயர் என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.735 மீட்டர் உருளும். 4.125 விகிதத்தில், நான்காம் கியரில், எஞ்சின் ஆயிரம் சுற்றுக்கு வண்டி மணிக்கு 25 கிலோமீட்டர் போகும். அதாவது 100 கிலோமீட்டர் வேகத்தில் 4,000 சுற்று. திறந்த வண்டியில் இரண்டு மணி நேரம் இதைக் கேட்டால் தலைவலிதான். ஆர்எஸ்2000இல் இருந்த 3.54 விகிதத்தைப் போட்டால் ஆயிரம் சுற்றுக்கு 29 கிலோமீட்டர். அதே வேகத்தில் 3,400 சுற்று. எஸ்கார்ட்டின் ‘இங்கிலீஷ்’ ஆக்சிலில் டிஃபரன்ஷியல் தனிக் கட்டியாக முன்பக்கம் கழன்று வரும், ஆகவே முழு ஆக்சிலை மாற்ற வேண்டியதில்லை.

சியராவின் டைப்-9 ஐந்து கியர் பெட்டி பிண்டோவோடு நேராகப் பொருந்தும். ஐந்தாம் கியர் 0.82. 3.54 விகிதத்தோடு சேர்த்தால் 100 கிலோமீட்டரில் 2,800 சுற்றுக்கு இறங்கிவிடும். ஆனால் அதன் முதல் கியர் 3.65, கனமான சியராவைக் கிளப்பவென்று செய்தது. 4.125 ஆக்சிலோடு வைத்தால் 6,000 சுற்றில்கூட வண்டி 41 கிலோமீட்டரைத் தாண்டாது. கிளம்பிய உடனே இரண்டாம் கியரைத் தேட வேண்டும். 3.54 போட்டால் இதுவும் ஓரளவு சரியாகும். காப்ரி 2.8இன் டைப்-9இல் முதல் கியர் 3.36, அது இன்னும் இதமானது. ஆனால் வி6க்காக அதன் இன்புட் ஷாஃப்ட் நீளம் வேறு, அதை வாங்கினால் பெல்ஹவுசிங்கையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கணக்குப் போட்ட பிறகே முதல் ரூபாயைச் செலவழியுங்கள், இங்கே பவுண்டு.

உட்கார வைப்பது

முழு எஞ்சினைத் தொங்கவிட்டு அளவெடுக்காதீர்கள். காலியான பிளாக், காலி கியர்பாக்ஸ் கூடு, ஹெட், சம்ப், எக்சாஸ்ட் மேனிஃபோல்டு இவற்றை மட்டும் பூட்டி மரக்கட்டைகள்மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். எஞ்சின் கிரேன் ஒரு டன் என்று எழுதியிருந்தாலும் அது கையை உள்ளே இழுத்த நிலைக்கு மட்டுமே. கையை நீட்ட நீட்ட அனுமதி சரசரவென்று குறையும். ஒவ்வொரு துளையின் அருகிலும் உள்ள எண்ணைப் படித்துவிட்டுத் தூக்குங்கள். தொங்கும் எஞ்சினுக்குக் கீழே கை போகக் கூடாது, ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே ஆளே போகக் கூடாது.

பிண்டோ உயரமானது. முதலில் இடிப்பது மேலே பானெட், கீழே சம்ப். எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து சம்பின் ஆழமான பகுதி இருக்கும் இடமும் வடிவமும் மாறும். உங்கள் முன் குறுக்குச்சட்டத்தில் இடிக்காத சம்பைத் தேடி, அதற்குரிய எண்ணெய் உறிஞ்சு குழாயையும் அதே வண்டியிலிருந்து வாங்குங்கள். சம்பின் அடி சேஸி ரெயிலுக்குக் கீழே இறங்கக் கூடாது. முதல் வேகத்தடையே அதை உடைத்துவிடும். பானெட் மூடவில்லை என்றால் பானெட்டை வெட்டுங்கள், எஞ்சினைக் கீழே இறக்காதீர்கள். ஃபைபரில் ஒரு புடைப்பு செய்வது அரை நாள் வேலை.

எஞ்சினை முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள். வார்ப்பிரும்புக் கனம் முன் ஆக்சிலுக்கு முன்னால் போகப் போக வண்டி திரும்ப மறுக்கும். பின்னால் தள்ளும்போது டிஸ்ட்ரிப்யூட்டரைக் கழற்ற இடம் இருக்கிறதா, ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டுகிறதா, ஸ்டீயரிங் தண்டுக்கும் எக்சாஸ்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலம் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் மவுண்டிங்கில் எஞ்சின் ஆடும் என்பதை மறக்க வேண்டாம். எல்லாம் ஒத்துவந்த பிறகு மவுண்டிங் தகட்டை அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு இரும்பில் வெட்டி, புள்ளி வெல்டு மட்டும் வைத்து, மறுபடி எல்லாவற்றையும் சரிபார்த்து, எஞ்சினை வெளியே எடுத்தபின் முழு வெல்டு.

புரொபெல்லர் ஷாஃப்ட்டை மட்டும் வீட்டில் வெட்டி ஒட்டாதீர்கள். நீளத்தை அளந்து, அதைச் செய்து பேலன்ஸ் பார்த்துத் தரும் பட்டறையிடம் கொடுங்கள். சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது நழுவிக்கொள்ள முனையில் 20 மி.மீ. அளவுக்கு இடம் விடச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் வெளிவரும் கோணமும் டிஃபரன்ஷியலுக்குள் போகும் கோணமும் இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தில் நடுக்கம் வரும்.

ஃபேட்டனின் மூக்கு தாழ்வானது, ரேடியேட்டர் எஞ்சினை விடக் கீழே உட்கார்ந்துவிடும். காற்று மேலே மாட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் விட உயரத்தில் ஒரு சிறு தண்ணீர்த் தொட்டி வைத்தால் சரியாகும். பழைய பெட்ரோல் ரப்பர் குழாய்களை ஒன்றுவிடாமல் மாற்றுங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால்; அது பழைய ரப்பரை இளக்கிவிடும். ‘ஆர்9’ என்று அச்சிட்ட குழாய் கேளுங்கள்.

முதல் உறுமல்

பழைய எஞ்சினோடு பழகிய கைக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. 1300 கிராஸ்ஃப்ளோவின் தீப்பொறி வரிசை 1-2-4-3. பிண்டோவுக்கு 1-3-4-2. பிளக் ஒயர்களைப் பழக்கத்தில் மாட்டினால் எஞ்சின் இருமும், கார்புரேட்டர் வழியாக நெருப்பு துப்பும், கிளம்பாது.

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். ராக்கர் கவரைத் திறந்து தெளிப்புக் குழாயிலிருந்து எண்ணெய் கேம்மீது விழுவதைக் கண்ணால் பாருங்கள். புதுக் கேம் போட்டிருந்தால், கிளம்பியதும் ஐடிலில் விடாதீர்கள். உடனே 2,000-க்கு மேல் ஏற்றி, 2,000-க்கும் 2,500-க்கும் இடையே மாற்றி மாற்றி 20 நிமிடம் ஓட்டுங்கள். இந்த 20 நிமிடத்தில்தான் கேமும் ஃபாலோயரும் ஒன்றோடொன்று படிகின்றன. அதனால் தண்ணீர், டைமிங், பெட்ரோல் ஒழுக்கு எல்லாம் கிளப்புவதற்கு முன்பே சரியாக இருக்க வேண்டும். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில், கராஜ் கதவு முழுக்கத் திறந்து, பக்கத்தில் இன்னொருவர். எண்ணெய் 20டபிள்யூ-50 மினரல், பழைய எஞ்சின்களுக்கென்று துத்தநாகம் சேர்த்தது.

காகித வேலையை எஞ்சின் ஓடும் முன்பே தொடங்கிவிடலாம். எஞ்சின் எண்ணும் கொள்ளளவும் மாறியதைப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்குத் தெரிவித்து, பதிவுப் புத்தகத்தைத் திருத்தி வாங்க வேண்டும். ஆகவே எஞ்சின் வாங்கிய ரசீது பத்திரம். 2001 மார்ச்சுக்கு முன் பதிவான கார்களுக்குச் சாலை வரி 1549 சிசி-க்கு மேலா கீழா என்பதை வைத்துத்தான். வரி விலக்குப் பெற்ற பழைய வண்டி இல்லையென்றால், 1300-லிருந்து 2000-க்குப் போனதும் உங்கள் வரி ஏறும். சேஸி ரெயிலை வெட்டி வடிவம் மாற்றும் எண்ணம் இருந்தால் வண்டியின் பதிவே கேள்விக்குள்ளாகலாம். வெட்டும் முன் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாத எஞ்சினோடு விபத்து நேர்ந்தால் பாலிசி கைவிரிக்கும். இந்தியாவில் இருந்தபடி இதைப் படிப்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே முதலில் ஆர்டிஓ அலுவலகம், பிறகு ஸ்பேனர்.

முதல் 800 கிலோமீட்டர் வரை 4,000 சுற்றைத் தாண்டாமல் ஓட்டி, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வால்வ் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்த நிலையில் சரிபாருங்கள். பிறகு வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சின் மவுண்டிங், கியர்பாக்ஸ் தாங்கி, புரொபெல்லர் ஷாஃப்ட், ஸ்டீயரிங் இணைப்பு எல்லாவற்றின் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். இறுக்கிய ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை எது நகர்ந்திருக்கிறது என்று ஸ்பேனர் எடுக்காமலே தெரிந்துவிடும்.